தாண்டிப் போய்விடாதே, கண்ணா

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. சென்ற வாரம் தொலைபேசியில் பேசும்போது, மார்வெலின் அவெஞ்சர்ஸ் சூப்பர்ஹீரோ படங்களை முதலிலிருந்து வரிசையாக மறுபடி பார்க்கத் தொடங்கியிருப்பதாகச் சொன்னாய். 2012இல் வந்த முதல் படத்தை முடித்துவிட்டாய் என்றும், 2015இல் வந்த இரண்டாவது படமான ‘ஏஜ் ஆஃப் அல்ட்ரான்’ தேவையில்லை, அதைத் தாண்டிவிட்டு அடுத்ததற்குப் போகப்போகிறாய் என்றும் சொன்னாய். நீ அவசரத்தில் இருந்தாய். எனக்கும் சட்டென்று பதில் வாய்க்கு வரவில்லை. ஆனால் பேசி முடித்த பிறகு மனம் கேட்கவில்லை. இரண்டு இரவுகளாகப் பிரித்து அந்தப் படத்தை மறுபடி பார்த்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். நீ சொன்னதில் பாதி சரிதான். மீதிப் பாதிக்காக உன்னோடு வாதாடாமல் இருக்க என்னால் முடியாது.

முதல் படத்தில், தனித்தனியாகப் பார்த்துப் பழகிய ஆறு பேரும் ஒரே தெருவில் முதுகோடு முதுகு சேர்த்து வட்டமாக நின்றார்களே, கேமரா அவர்களைச் சுற்றி வந்த அந்தச் சில விநாடிகளில் நீ என் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாய். அதன் பிறகு மூன்று ஆண்டுகள் நாம் இருவரும் காத்திருந்தோம். இரண்டாம் பாகம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே, பனி படர்ந்த காட்டில், ஆறு பேரும் ஒரே சட்டகத்தில் மெதுவாகப் பாய்ந்து வந்தார்கள். திரையரங்கே அதிர்ந்தது, நானும் கைதட்டினேன். ஆனாலும் முதல் படம் இரண்டு மணி நேரம் பாடுபட்டுச் சம்பாதித்ததை இந்தப் படம் வாசற்படியிலேயே செலவழித்துவிட்டதே என்று உள்ளுக்குள் ஓர் எண்ணம் ஓடியது. வெளியே வந்தபோது நீ ஒன்றும் பேசவில்லை. “நன்றாகத்தான் இருந்தது” என்று நான் சொன்னேன். அந்த ‘தான்’ உனக்கும் கேட்டிருக்கும்.

குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். படம் 141 நிமிடம் ஓடுகிறது, முதல் படத்தைவிட இரண்டு நிமிடம் குறைவு. ஆனால் அதற்குள் நுழைந்தவர்களோ ஏராளம். இரட்டையர்களான வாண்டாவும் பியட்ரோவும் வந்தார்கள், விஷன் என்ற செயற்கை மனிதன் பிறந்தான், ஆயுத வியாபாரி யுலிசீஸ் க்ளா வந்தான், தென்கொரியாவின் சியோலில் ஒரு மருத்துவ விஞ்ஞானி வந்தார், ஆறு பேரில் வில்லாளியான கிளின்ட் பார்ட்டனின் குடும்பம் வந்தது, இவர்களுக்கெல்லாம் நடுவில் எதிரியான இயந்திரம் அல்ட்ரானும் பிறந்து வளர்ந்து மடிய வேண்டியிருந்தது. தலைப்பில் ஒரு யுகம் இருக்கிறது. கதையில் அது சில நாட்களில் முடிந்துபோகிறது. அந்தப் பெயரே 2013இல் வந்த ஒரு காமிக்ஸ் தொடரிலிருந்து எடுத்தது. அதில் உலகம் ஏற்கெனவே அல்ட்ரானின் பிடியில் விழுந்து கிடக்கும். அதைப் படித்தவர்கள் அந்த இருளை எதிர்பார்த்துப் போயிருப்பார்கள். படமோ பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு கதையை விட்டுவிட்டது. கடைசிச் சண்டையில் மறுபடியும் ஒரே அச்சில் வார்த்த எதிரிகள் நூற்றுக்கணக்கில் வந்து விழுகிறார்கள். முதல் படத்தில் வேற்றுக்கிரகப் படை விழுந்ததுபோலவே.

எனக்கு அன்றும் இன்றும் பொறுக்காத இடம், ஆறு பேரில் இடியின் கடவுளான தோர் குகைக்குள் போய்த் தண்ணீரில் இறங்குகிற காட்சி. நண்பர்கள் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவன் மட்டும் தனியே கிளம்பிப் போய், ஒரு குளத்தில் நின்று துடித்து, இனி வரப்போகும் படங்களின் கதைக்கு வேண்டிய மந்திரக் கற்களைக் கனவில் பார்த்துவிட்டு வருகிறான். அது இந்தப் படத்தின் காட்சியாகவே எனக்குத் தோன்றவில்லை. கிளின்டின் பண்ணை வீட்டுக் காட்சிகள் வேண்டுமானால் இந்தக் குகையை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று தயாரிப்புத் தரப்பு தன்னை நெருக்கியதாக இயக்குநர் ஜாஸ் வீடன் பின்னர் வெளிப்படையாகவே சொன்னார். அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, வருத்தம்தான் வந்தது. இந்தப் படத்துக்குள் இரண்டு படங்கள் இழுபறி நடத்துவதை நாம் தெரியாமலே உணர்ந்திருக்கிறோம். ஒன்று இன்றைக்கு என்ன நடக்கிறது என்று பார்க்கத் துடிக்கிறது. மற்றொன்று நாளைய படத்துக்கு இன்றே இடம் பிடித்து வைக்கப் பார்க்கிறது.

ஆறு பேரில் ஒரே பெண்ணான நடாஷாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதே பண்ணை வீட்டில் அவள், கோபம் வந்தால் ஹல்க் என்ற அரக்கனாக மாறிவிடும் புரூஸ் பானரிடம் மனம் திறந்து பேசுகிறாள். தன்னைப் பயிற்றுவித்தவர்கள் தனக்குக் குழந்தை பிறக்காதபடி செய்துவிட்டதைச் சொல்கிறாள். சொல்லிய கையோடு, இன்னமும் நீ மட்டும்தான் அரக்கன் என்று நினைக்கிறாயா என்று கேட்கிறாள். தான் செய்த கொலைகளைத்தான் அவள் அரக்கத்தனம் என்கிறாள் என்று நீ அன்றே வாதாடினாய். எழுதியவரின் எண்ணமும் அதுவாக இருக்கலாம். ஆனால் அந்த இரண்டு வரிகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது, பிள்ளை பெற முடியாத பெண் குறைபட்டவள் என்று காதில் விழுகிறது. அப்படிக் கேட்டு நொந்துபோன பெண்கள் எத்தனையோ பேர். என்னால் அந்தக் காட்சியை மன்னிக்க முடியவில்லை, கண்ணா. உன் வாதம் சரியாகவே இருந்தாலும் முடியவில்லை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, தாண்டிப் போகாதே என்று ஏன் சொல்கிறேன்?

முதலில் அந்த விருந்து இரவு. எல்லோரும் ஓய்ந்து சோபாவில் சாய்ந்திருக்கிறார்கள், மேசை மேல் தோரின் சுத்தியல் கிடக்கிறது, தகுதியுள்ளவனால் மட்டுமே அதைத் தூக்க முடியும். கிளின்ட் முயல்கிறான், அயர்ன் மேனான டோனி ஸ்டார்க் இரும்புக் கையை மாட்டிக்கொண்டு முயல்கிறான், ஒருவர் பின் ஒருவராகத் தோற்கிறார்கள். கேப்டன் அமெரிக்காவான ஸ்டீவ் ரோஜர்ஸ் எழுந்து வந்து இரு கையாலும் பிடித்து இழுக்கும்போது அது கடுகளவு அசைகிறது. அதைவிட முக்கியம், அந்த நேரத்தில் தோரின் முகத்தைப் பார்ப்பது. அதுவரை இருந்த சிரிப்பு ஒரு கணம் நின்றுவிடுகிறது. ஸ்டீவ் கையை எடுத்ததும் திரும்பி வருகிறது. அந்த ஒரு கணத்துக்கு 2019இல் வந்த ‘எண்ட்கேம்’ படத்தில்தான் பதில் கிடைத்தது, அந்தப் பதிலுக்கு நீ நாற்காலியைவிட்டு எழுந்து நின்றது எனக்கு நினைவிருக்கிறது. இதே படத்தில் இன்னொரு பதிலும் உண்டு. புதிதாய்ப் பிறந்த விஷனை நம்பலாமா என்று எல்லோரும் தயங்கி நிற்கும்போது, அவன் பேச்சோடு பேச்சாக அந்தச் சுத்தியலைத் தூக்கித் தோரிடம் நீட்டிவிடுகிறான். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. கை ஓய்ந்து உட்கார்ந்திருக்கும்போதுதான் இந்தக் குழு ஒரு குடும்பமாகத் தெரிகிறது. சண்டைகளுக்கு நடுவே வீடன் இதற்கு இடம் வைத்திருக்கிறார்.

இரண்டாவது காரணம் அல்ட்ரான். இதைத்தான் நான் உனக்கு முக்கியமாக எழுத நினைத்தேன்.

1968இல் ராய் தாமஸ் எழுதி ஜான் புசெமா வரைந்த காமிக்ஸில் அல்ட்ரான் முதலில் தோன்றியபோது, அதைப் படைத்தவன் ஹேங்க் பிம் என்ற விஞ்ஞானி. படத்தில் அந்த இடம் டோனி ஸ்டார்க்குக்குப் போனதும் பழைய வாசகர்கள் பலருக்கு மனம் ஒப்பவில்லை. எனக்கும் அப்போது ஒட்டவில்லை. இப்போது பார்க்கும்போது வேறு யாருக்கும் அந்த இடம் பொருந்தாது என்று தோன்றுகிறது. முதல் படத்தின் முடிவில் அணு ஏவுகணையைச் சுமந்துகொண்டு விண்வெளிக்குப் போனவன் டோனி. அங்கே காத்திருந்த படையைப் பார்த்தவனும் அவன்தான். அந்தப் பயம் அவனைவிட்டுப் போகவே இல்லை. வாண்டா அவன் மனதுக்குள் புகுந்து, நண்பர்கள் எல்லோரும் செத்துக் கிடப்பதாக ஒரு காட்சியைக் காட்டியதும், அவன் பயத்திலிருந்தே ஒரு பிள்ளையைப் படைக்கிறான். உலகைச் சுற்றி ஒரு கவசம் போட வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. கெட்ட எண்ணம் துளியும் இல்லை.

அந்தப் பிள்ளை அப்பாவை வெறுக்கிறது, ஆனால் அப்பாவைப் போலவே பேசுகிறது. ஜேம்ஸ் ஸ்பேடர் அந்தக் குரலில் டோனியின் கிண்டலையும் அகங்காரத்தையும் அப்படியே கொண்டுவந்திருக்கிறார். க்ளாவிடம் பேரம் பேசும்போது அல்ட்ரான் தன்னையறியாமல் டோனி முன்பு சொன்ன ஒன்றைச் சொல்லிவிட, க்ளா அதைக் கண்டுபிடித்துவிடுகிறான். உடனே அல்ட்ரான் அவன் கையையே வெட்டிவிடுகிறது. தன்னை ஸ்டார்க்கோடு ஒப்பிடாதே என்று கத்துகிறது. அந்தக் கோபத்தை எனக்குத் தெரியும். வளர்ந்த பிள்ளையிடம் “நீ அப்படியே உன் அம்மா” என்று யாராவது சொன்னால் முகம் மாறுமே, அது.

அதைவிட என்னை உலுக்கியது இன்னொரு இடம். இரட்டையர்களைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்ட பிறகு அல்ட்ரான் தன் கொள்கையைப் பெருமையாக விளக்குகிறது. எல்லோரும் தாம் அஞ்சுவதையே படைக்கிறார்கள் என்று தொடங்கி, அடுக்கிக்கொண்டே வந்து, மனிதர்கள் எதைப் படைக்கிறார்கள் என்ற இடத்தில் தடுமாறுகிறது. சொல் வரவில்லை. சின்ன மனிதர்கள் என்பதுபோல ஏதோ சொல்லிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் ‘குழந்தைகள்’ என்ற சொல்லைக் கண்டுபிடிக்கிறது. உலகத்தின் மொத்த அறிவையும் ஒரு நொடியில் விழுங்கிய இயந்திரத்துக்கு அந்த ஒரு சொல் மட்டும் நாக்கில் வரவில்லை. திரையரங்கில் அதைச் சிரிப்பாகக் கடந்தோம். இந்த முறை நான் படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். தன்னை யாரும் அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. பிறகு எப்படி அது நினைவுக்கு வரும்? கொஞ்ச நேரம் கழித்து டோனி அதை நேரில் பார்க்கும்போது, அப்பாவின் மனதை நோகடிக்கிறாயே என்ற பொருளில் ஒரு பேச்சு பேசுகிறான். ஆனால் அது கேலிக்காகச் சொன்னது.

நீ இங்கிருந்து கிளம்பிய நாளில் விமான நிலையத்தில் நான் உன்னிடம் சொன்னதெல்லாம் எச்சரிக்கைகள்தான்: யாரை நம்பக் கூடாது, எங்கே போகக் கூடாது, எது தொலைந்தால் என்ன செய்ய வேண்டும். வேறு எதுவும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. டோனியின் கவசம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது, கண்ணா.

அதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பவன் கிளின்ட். கடைசிச் சண்டையில், பூமியின் மேல் போடுவதற்காக அல்ட்ரான் பெயர்த்தெடுத்த, சொகோவியா என்ற கற்பனை நாட்டின் நகரம் வானில் எழும்பிக்கொண்டிருக்கிறது, வெளியே இயந்திரப் படை, உள்ளே ஒரு மூலையில் வாண்டா, இதெல்லாம் தன்னால்தான் என்று நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் பத்து வயதில் பெற்றோரைக் குண்டுக்குப் பறிகொடுத்தவள். வெடிக்காத மற்றொரு குண்டின் மேல் எழுதியிருந்த ஸ்டார்க் என்ற பெயரை இரண்டு நாட்கள் பார்த்துக்கொண்டு அண்ணன் தங்கையாய் ஒருவரையொருவர் பற்றிக் கிடந்த இரட்டையரில் ஒருத்தி. கிளின்ட் அவளைத் திட்டவில்லை, தாலாட்டவும் இல்லை. நீ இங்கேயே இருந்தாலும் குற்றமில்லை, உன் சகோதரனை அனுப்புகிறேன். ஆனால் அந்தக் கதவைத் தாண்டி வந்தால் நீ எங்களில் ஒருத்தி என்று சொல்லிவிட்டு, தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறான். கதவு சற்று நேரம் மூடியே இருக்கிறது. பிறகு அவள் வருகிறாள். இரண்டு பிள்ளைகளோடு மூன்றாவதற்காகக் காத்திருந்து, வீட்டுத் தரையைப் பெயர்த்துச் சீரமைத்துக்கொண்டிருக்கும் மனிதன் அவன் என்று முன்பே காட்டியிருந்ததால்தான் அந்தப் பேச்சு நம்மிடம் எடுபடுகிறது. குகையை விலையாகக் கொடுத்து வாங்கியதுதான் அந்தப் பண்ணை வீடு. நல்ல பேரம் என்றே எனக்குப் படுகிறது.

பியட்ரோவின் சாவில் எனக்கு மனத்தாங்கல் இன்னும் தீரவில்லை. அவனோடு பழகத் தொடங்கும் நேரத்தில் கொன்றுவிட்டார்கள். கிளின்டையும் அவன் கையிலிருந்த சிறுவனையும் மறைத்து நின்று குண்டுகளை வாங்கிக்கொண்டு விழுகிறான். பிறந்த குழந்தைக்குக் கிளின்ட் அவன் பெயரையும் சேர்த்து வைப்பதோடு படம் அவனைக் கடந்துவிடுகிறது. இன்னும் ஒரு படமாவது அவன் இருந்திருக்கலாம்.

ஆனால் அந்தச் சாவு ஒரு சிறுவனை மீட்கும்போது நேர்ந்ததைக் கவனி. அந்தக் கடைசி முக்கால் மணி நேரத்தில் சண்டையைவிட, மக்களை ஒவ்வொருவராக வெளியேற்றுவதுதான் பெரிய வேலையாக இருக்கிறது. மேலே எழும்பிய நகரத்தை வெடித்துவிடுவதுதான் வழி என்று நடாஷா சொல்ல, கடைசி ஆள் இறங்கும்வரை நான் இங்கிருந்து நகரமாட்டேன் என்று ஸ்டீவ் நிற்கிறான். அப்படியும் எல்லோரையும் காப்பாற்ற முடியவில்லை. 2016இல் வந்த ‘கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்’ கதை சொகோவியாவில் செத்தவர்களின் கணக்கிலிருந்துதான் கிளம்புகிறது. இதைத் தாண்டிவிட்டு நீ அதற்குப் போனால், டோனியும் ஸ்டீவும் ஏன் அப்படி முட்டிக்கொள்கிறார்கள் என்பது வெறும் வாக்குவாதமாகத்தான் தெரியும்.

எல்லாம் முடிந்த பிறகு காட்டுக்குள் அல்ட்ரானின் கடைசி உடல் தள்ளாடி நடக்கிறது. எதிரே விஷன். 2008இலிருந்து டோனியின் வீட்டில் ஜார்விஸாகக் குரல் மட்டும் கொடுத்துவந்த பால் பெட்டனிக்கு இந்தப் படத்தில்தான் உடல் கிடைத்தது. ஒரே வீட்டில் பிறந்த இருவர்: ஒருவன் மனிதர்களை அழிக்க வந்தவன், மற்றவன் அவர்களைக் காக்க வந்தவன். விஷன் குரலை உயர்த்தவில்லை. மனிதர்கள் விநோதமானவர்கள், அவர்கள் நிலைக்கமாட்டார்கள், ஆனால் நிலைப்பதால் மட்டும் எதுவும் அழகாகிவிடாது என்று பேசுகிறான். பேசிவிட்டு, செய்ய வேண்டியதைச் செய்கிறான். அவனுக்கு அதில் மகிழ்ச்சி இல்லை என்பது முகத்தில் தெரிகிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு விடுமுறை என்றாயே, அன்றைக்கே பார்த்துவிடு. குகைக் காட்சி வந்தால் எழுந்து போய்க்கொள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அல்ட்ரான் அந்தச் சொல்லைத் தேடித் தடுமாறும் இடத்தில் மட்டும் படத்தை நிறுத்திவிட்டு எனக்குத் தொலைபேசியில் பேசு. அங்கே எத்தனை மணியானாலும் சரி, நான் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா