தீவுப் பங்கின் கல்யாணப் புத்தகம்

காங்கயம்,
தை 20

அன்புள்ள மாப்பிள்ளை,

கடிதம் கிடைத்தது. பேத்திக்கு நிச்சயம் ஆன சேதி மனசுக்கு நிறைவு. இங்கே மஞ்சள் வெட்டு ஆரம்பித்தாயிற்று. பாம்பன் தீவில் உன் அம்மாவைப் பெற்ற பாட்டியின் கல்யாணப் பதிவைக் கத்தோலிக்கக் கோயில் புத்தகத்தில் தேடப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். நீ கேட்டதற்கும் கேட்காததற்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் நாளைப் பார். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் பெயர் பதிகிற வேலை ராமேஸ்வரம் வேர்க்கோடு பங்கில்தான் நடக்கும் (ஒரு சாமியார் பொறுப்பில் உள்ள கோயிலும் அதைச் சேர்ந்த ஜனங்களும்தான் பங்கு). அந்த வாரங்களில் போய்ப் பழைய புத்தகம் கேட்காதே. பங்குச் சாமியாருக்கு முன்கூட்டியே எழுது. '1905 முதல் 1915 வரை, இன்ன பெயர்' என்று வரம்பு கட்டிக் கேள். 'எல்லாத்தையும் பார்க்கணுமுங்க' என்றால் எந்தப் பங்கிலும் அலமாரி திறக்காது. இன்னொன்று: கல்யாணம் பெரும்பாலும் பெண்வீட்டுப் பங்கில்தான் நடக்கும். பாட்டி பிறந்தது எந்தப் பங்கு என்று தெரிந்துகொண்டு அங்கே முதலில் போ.

இந்தப் புத்தகங்களுக்கு மூலம் 1563இல் திரெந்து சங்கம் என்ற கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சபை போட்ட சட்டம். மூன்று திருநாளில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்கணும், பங்குச் சாமியாரும் இரண்டு சாட்சியாவது இருக்கணும், புத்தகத்தில் எழுதணும் என்றது. 1614இல் ரோமைச் சடங்கு நூல் அதற்கு வாசகமும் கொடுத்துவிட்டது. அதனால் லத்தீன் பதிவு எங்கேயும் அநேகமாக ஒரே வரிசையில் வரும்: தேதி, மூன்று ஓலை வாசித்தது, விக்கினம் (தடை) இல்லை என்பது, மாப்பிள்ளை பெண், அவர்களைப் பெற்றவர்கள், சாட்சிகள், சாமியார் கையெழுத்து. வரிசை மனசில் இருந்தால் லத்தீன் தெரியாமலே பாதி படித்துவிடலாம். 'ஃபிலியுஸ்' மகன், 'ஃபிலியா' மகள், 'விதுவா' கைம்பெண், 'தெஸ்திபுஸ்' என்ற சொல்லை ஒட்டி வருகிற பெயர்கள் சாட்சிகள்.

தேதியில் ஏமாறாதே. '7பிரிஸ்' என்றிருந்தால் ஜூலை அல்ல, செப்டம்பர், '8பிரிஸ்' அக்டோபர். லத்தீனில் செப்தெம் என்றால் ஏழு, ஒக்தோ என்றால் எட்டு, அதை வைத்து வந்த சுருக்கம். உபதேசியார் (சாமியாருக்கு உதவியாக வேதம் சொல்லிக்கொடுப்பவர்) தமிழில் எழுதிய குறிப்பில் தமிழ் எண் ௭ என்பது எகரம் போலவும் ௮ என்பது அகரம் போலவும் தெரியும். சந்தேகம் வந்தால் பாஸ்கா (ஈஸ்டர்) கணக்கை வைத்துப் பார். 1911இல் தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் மார்ச் 1, உயிர்த்த ஞாயிறு ஏப்ரல் 16. தவக்காலத்திலும் பாஸ்காவை அடுத்த எட்டு நாளிலும் ஆடம்பரக் கல்யாணம் கூடாது என்பது அன்றைய விதி. அந்த இடைவெளியில் ஒரு தேதி வந்தால் திரும்ப ஒருமுறை படி. மாதத்தை மாற்றிப் படித்திருக்கலாம்.

பெயர்களும் வேஷம் போடும். சூசை 'யோசேபுஸ்' ஆவார், அருளப்பன் 'யொவான்னெஸ்', ராயப்பன் 'பேத்ருஸ்'. வீட்டில் வழங்கிய பெயர் பதிவில் இருக்காது. இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு தேடு.

எனக்கு உயிரான இடம் விலக்குக் குறிப்புதான், அதாவது தடையுள்ள உறவில் கட்டக் கோயில் அனுமதி கொடுத்த குறிப்பு. ஓரத்திலோ பதிவின் நடுவிலோ 'இன் செகுந்தோ கிராது' என்று இருந்தால் இரண்டாம் படி உறவு. கோயில் விலக்குக் கொடுத்துக் கட்டி வைத்திருக்கிறது. எண்ணுகிற முறை இது: பொது மூதாதையை விட்டுவிட்டுக் கீழே இறங்கி எண்ணணும். மாமன் மகளைக் கட்டினால் பாட்டன் பொது. அவருடைய பிள்ளைகள் ஒன்று, பேரப்பிள்ளைகள் இரண்டு, ஆக இரண்டாம் படி. மூன்றாம் படி என்றால் பூட்டன் பொது, நான்காம் படி என்றால் ஓட்டன் பொது. அக்கா மகளைக் கட்டினால் 'இரண்டு, ஒன்றைத் தொட்டு' என்று எழுதுவார்கள், பெண்ணின் பாட்டன் மாப்பிள்ளைக்கு அப்பன் ஆகையால். பெயரே இல்லாமல் மூன்று தலைமுறையைச் சொல்லிவிடுகிற வரி இது. செத்த மனைவியின் தங்கையைக் கட்டினாலும் விலக்கு வேணும். அது ரத்த உறவல்ல, சம்பந்த உறவு, வேறு சொல்லில் இருக்கும்.

நம்ம கொங்கு வழக்கத்தோடு இதை ஒட்டிப் பார். ஒரே கூட்டம் (குலம்) என்றால் எத்தனை தலைமுறை தள்ளினாலும் பங்காளிதான், கட்டக்கூடாது. மாமன் மகளோ உரிமைப் பெண். கோயில் சட்டத்துக்குக் கூட்டம் தெரியாது, ரத்தத்தைத்தான் எண்ணும். ஆகையால் உரிமைப் பெண்ணுக்குத்தான் விலக்குக் கேட்கணும். முறைப்பெண்ணைக் கட்டுகிற ஊர்களில் விலக்குக் குறிப்பு அடிக்கடி வருவதில் அதிசயமில்லை. குறிப்பு இல்லை என்பதால் உறவு இல்லை என்று முடிவு கட்டாதே. தனிக் காகிதமாக எழுதி வைத்ததும் உண்டு.

படி எண்ணிலும் ஒரு குழி இருக்கிறது. 1918 வரை நான்காம் படி வரை தடை. 1917இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு 1918இல் அமலாகி அதை மூன்றாகக் குறைத்தது. 1983 தொகுப்பு எண்ணும் முறையையே மாற்றி, பொது மூதாதையை விட்டு இரு கிளையிலும் உள்ள ஆட்களைக் கூட்டுகிறது. அதில் மாமன் மகள் நான்காம் படி. பழைய 'நான்கு' வேறு, புதிய 'நான்கு' வேறு. குறிப்பின் வருடத்தைப் பார்த்துவிட்டுத்தான் எண்ணணும்.

புத்தகமே இல்லை என்றால்? 1964 டிசம்பர் 22, 23இல் அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது; அங்கே கோயில் இன்று சுவராக நிற்கிறது. அப்போதும் இரண்டு வழி உண்டு. 1908 ஏப்ரல் 19 முதல், கல்யாணம் ஆனதை ஞானஸ்நானப் புத்தகத்தின் ஓரத்திலும் குறிக்கணும் என்று விதி. பாட்டி ஞானஸ்நானம் பெற்ற பங்கில் அவர் பெயருக்கு எதிரே உள்ள ஓரத்தைப் படி. 1918க்குப் பிறகானதுக்கு வருடா வருடம் நகல் மேற்றிராசனத்துக்கு (மறைமாவட்ட ஆயர் இல்லத்துக்கு) போகணும். ராமநாதபுரம் பக்கம் 1886இல் திருச்சி மறைமாவட்டத்தில் இருந்தது, 1938இல் மதுரை, 1987இல் சிவகங்கை. எந்த வருடத்து நகலோ, அந்த வருடத்தில் எந்த ஆயர் இல்லம் என்று பார்த்துக் கேட்கணும்.

புத்தகத்தைத் தொடும் விதம் முக்கியம். கடற்காற்று உப்பைத் தாளில் ஏற்றிவிடும். காற்றில் ஈரப்பதம் முக்கால் பங்கைத் தாண்டினால் உப்பு நீரை இழுத்துக் கசியும். இரும்புச் சத்துள்ள பழைய மை அந்த ஈரத்தில் தாளை அரித்து எழுத்தின் வடிவத்திலேயே ஓட்டை போடும். எச்சில் தொட்டுப் புரட்டாதே. கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டவே ஒட்டாதே. பசை மஞ்சளாகி எழுத்தோடு சேர்ந்துவிடும். புத்தகத்தை முழுசாக விரிக்காமல் இரு பக்கமும் துண்டை மடித்து வைத்துத் தாங்கு. பிளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். மங்கிப் பழுப்பான மையைப் போட்டோவில் நீல நிறத்தை மட்டும் பிரித்துப் பார்த்தால் கறுப்பாகத் தெரியும். பக்க எண்ணும் நான்கு ஓரமும் படத்தில் வரணும். பதிவை மட்டும் கத்தரித்து எடுத்தால் விலக்குக் குறிப்பு வெளியே போய்விடும்.

எடுத்ததும் முதலில் பாட்டி பக்கத்தையும் அதற்கு முன்னும் பின்னுமாக மூன்று மூன்று பக்கத்தையும் அனுப்பு. சாமியாரின் கையெழுத்து வாகு பிடிபட அவ்வளவு வேணும். ஏழையும் ஒன்றையும் அவர் எப்படிப் போடுகிறார் என்று பார்த்துத் தேதியை எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்