டீன் காட்டுக்கு வரும் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

வார இறுதியில் இங்கிலாந்தில் குளோஸ்டர்ஷரின் டீன் காட்டுக்குக் குடும்பத்தோடு வரும் நடைக்குழுவினருக்கும் சைக்கிள் குழுவினருக்கும் இதை எழுதுகிறேன்.

பாதையை விட்டுக் கொஞ்சம் தள்ளினால் வட்ட வட்டமாகப் பள்ளங்கள் தென்படும். சுற்றிலும் வளையமாக மண்மேடு, உள்ளே சருகு, சில இடங்களில் நடுவிலேயே மரம். அதில் சைக்கிளை இறக்கிக் குதிக்கிறோம், கிளைகளை அடுக்கிப் பிள்ளைகளுக்குக் குடிசை கட்டுகிறோம். சாப்பிட்ட தட்டை அங்கேயே வீசுபவர்களும் உண்டு.

அவற்றில் பல பழைய நிலக்கரிக் குழிகள். 'பெல் பிட்' என்பார்கள். கரி ஆழமில்லாமல் கிடந்த இடத்தில் ஆள் இறங்கும் அகலத்துக்கு நேராகத் தோண்டுவார்கள். கரி தட்டியதும் அடியில் நாலாபுறமும் குடைவார்கள். கூரை இனித் தாங்காது என்று தோன்றினால் அதை விட்டுவிட்டுச் சற்றுத் தள்ளி அடுத்த குழி. வெளியே கொட்டிய மண்தான் அந்த வளையம். குழிகள் வரிசையாகப் போகிற திசையைப் பார்த்தே கரிப்படுகை எப்படி ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். தோண்டியவர்கள் பெரும்பாலும் எதையும் எழுதி வைக்கவில்லை. சக்கரம் ஏறி ஏறி வளையம் கரைந்துவிட்டால், அப்புறம் அது வெறும் பள்ளம்தான்.

இங்கே கரி வெட்டும் உரிமை உள்ளூர்க்காரர்களுடையது. 'செயின்ட் பிரியாவல்ஸ் ஹண்ட்ரட்' என்ற பழைய நிர்வாகப் பிரிவின் எல்லைக்குள் பிறந்து, 21 வயதாகி, சுரங்கத்தில் ஓராண்டும் ஒரு நாளும் உழைத்தவர் 'ஃப்ரீமைனர்', அதாவது இந்த உரிமையைப் பெற்ற சுரங்கக்காரர், ஆகலாம். நெடுநாள் வழக்கத்தை 1838-இல் சட்டமாக்கியபோது 'ஆண்கள்' என்று எழுதிவிட்டார்கள். முதல் பெண் பதிவாக 2010 ஆனது. இன்றும் ஒரு சிலர் கரி வெட்டுகிறார்கள். ஆகவே நாம் மிதித்துப் போவது யாருக்கும் சொந்தமில்லாத பள்ளத்தை அல்ல.

ஆபத்தும் இருக்கிறது. மேலே கெட்டியாகத் தெரியும், கீழே பொந்தாக இருக்கும். நல்ல மழைக்குப் பிறகு திடீரென்று உள்வாங்கலாம். புதிதாக மண் இறங்கியிருந்தால் எட்டிப் பார்க்காமல், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விலகி, காட்டை நிர்வகிக்கும் ஃபாரஸ்ட்ரி இங்கிலாந்துக்குச் சொல்லுங்கள். மெட்டல் டிடெக்டரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், அனுமதியில்லாமல் அதைப் பயன்படுத்தக் கூடாது.

அடுத்த முறை வரும்போது முதலில் சூட்லியில் இருக்கும் டீன் ஹெரிட்டேஜ் சென்டர் என்ற அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டு, அப்புறம் காட்டுக்குள் வாருங்கள். குடிசை கட்ட ஆசைப்படும் பிள்ளைகளுக்குச் சமதளத்தில் இடம் தாராளமாகக் கிடைக்கும்.

அன்புடன்,
இதே காட்டில் நடக்கும் ஒருவர்