ஓநாய் பார்க்கப் போகிற யோகனுக்கு

உவர்மலை,
திருகோணமலை.

அன்பின் யோகன்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். கச்சான் காற்று ஓயவில்லை, வெயிலும் அப்படித்தான்.

ஆகஸ்ட்டில் பிள்ளைகளோடு ஒன்ராறியோவில் ஓநாய்க் காப்பகம் பார்க்கப் போவதாகவும், சின்னவள் இப்போதே பயப்படுவதாகவும் எழுதியிருந்தாய். அவளைக் குறை சொல்ல முடியாது. இலங்கைக் காட்டில் ஓநாய் கிடையாது. இருந்தும் ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம் என்று சொல்லித்தானே நாம் வளர்ந்தோம். விலங்கு வராத ஊருக்கும் அதன் கெட்ட பெயர் வந்து சேர்ந்துவிட்டது.

போன உடனே அங்குள்ள பராமரிப்பாளரிடம் ஒன்று கேள்: இவை ஒரே குடும்பமா, வெவ்வேறு இடங்களிலிருந்து கொண்டுவந்து சேர்த்தவையா? நீ அங்கே பார்க்கப்போகும் எதையும் இந்தப் பதிலை வைத்துத்தான் விளங்கிக்கொள்ள வேண்டும். 'அல்பா ஓநாய்', சண்டையிட்டுத் தலைமையைப் பிடிப்பது என்றெல்லாம் கதைக்கிறார்களே, அந்த எண்ணம் பெரும்பாலும் ருடோல்ப் ஷென்கல் 1947 இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. அவர் பார்த்தவை பாசல் மிருகக்காட்சிச்சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்கள். அதைத் தன் நூலில் எழுதிப் பரப்பியவர்களில் ஒருவர் அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக். அவரே பின்னர் கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைகள் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு, கூட்டம் என்பது தாய், தகப்பன், பிள்ளைகள்தான் என்று 1999 இல் திருத்தி எழுதினார். பிள்ளைகள் ஒன்று முதல் மூன்று வயதுக்குள் பிரிந்துபோய்த் தங்களுக்குத் துணை தேடிக்கொள்கின்றன. அடைப்புக்குள் பிரிந்துபோக வழியில்லை, அதனால் உரசல் கூடுகிறது. அங்கே ஒன்று இன்னொன்றை விரட்டுவதைக் கண்டால் அது அடைப்பினால் வந்ததாகவும் இருக்கலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்.

வாலைக் கவனிக்கச் சொல். உயர்ந்த வால் துணிவு, கால்களுக்கிடையே ஒடுங்கினால் பயம். பல்லைக் காட்டினாலும் வால் ஒடுங்கிக் காது பின்னால் படிந்திருந்தால் அது பயந்துபோய் நிற்கிறது. இளையது பெரியதன் வாயை நக்குவது குட்டிக்காலத்துப் பழக்கம். அப்படி நக்கித்தான் குட்டிகள் பெரியவற்றைக் கக்கவைத்துச் சாப்பிடும்.

விடியற்காலை அல்லது பின்னேரம் போ, நண்பகலில் அவை படுத்திருக்கும். வேலியோரம் சின்னவளை ஓடவிடாதே. ஓடுகிற சிறிய உருவம் எந்த வேட்டை விலங்கின் கண்ணையும் இழுக்கும்.

நல்ல காப்பகமா என்று நீயே பார்த்துக்கொள்ளலாம். வாசலில் இரண்டு கதவுகள் இருக்க வேண்டும், ஒன்று பூட்டிய பிறகுதான் மற்றது திறக்க வேண்டும். வேலியின் உச்சி உட்புறம் சாய்ந்திருக்க வேண்டும். அடியில் கம்பிவலை நிலத்துக்குள்ளும் போக வேண்டும், ஏனென்றால் ஓநாய் நன்றாகத் தோண்டும். நம் கண்ணில் படாமல் ஒதுங்க அவற்றுக்கு இடம் வேண்டும். வேலியோரம் ஒரே தடத்தில் புல் தேய்ந்து மண் தெரிந்தால், அடைபட்ட மனக்கஷ்டத்தில் ஒன்று திரும்பத் திரும்ப நடக்கிறது என்று சந்தேகப்படு. தோலும் எலும்பும் சேர்ந்த இறைச்சி கொடுக்கிறார்களா என்றும் கேள். ஒரே வேளையில் 9 கிலோ வரை விழுங்கிவிட்டுப் பிறகு நாட்கணக்கில் பட்டினி கிடக்கக்கூடிய வயிறு அது. குட்டியைத் தூக்கிப் படம் எடுக்கலாம் என்று காசு கேட்டால் திரும்பி வந்துவிடு. அந்தப் படத்துக்காகக் கண் திறக்கும் முன்பே தாயிடமிருந்து பிரித்திருப்பார்கள். ஒரு வருடம் கழித்து அந்தக் குட்டிக்கு என்ன ஆகும் என்று கேட்டுப் பார்.

ஆட்டுக்காரன் என்ன செய்வான் என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி. போலந்து, ரஷ்யப் பக்கத்து வேட்டைக்காரரின் பழைய முறை ஒன்று இப்போது மந்தைகளைக் காக்க உதவுகிறது. கயிற்றில் சிவப்புத் துணிப் பட்டிகளைத் தொங்கவிட்டு மேய்ச்சல் நிலத்தைச் சுற்றிக் கட்டுவார்கள். பட்டி 50 சென்றிமீற்றர் நீளம், 10 அகலம், இடைவெளியும் 50. ஆடுகிற துணியைத் தாண்ட ஓநாய் தயங்கும். கனடாவில் செய்த பரிசோதனையில் 60 நாள் வரை தாக்குப்பிடித்தது. பிறகு பழகிவிடும், ஆகவே ஆடுகள் குட்டி ஈனும் காலத்தில் மட்டும் கட்டி, முடிந்ததும் அவிழ்த்துவிட வேண்டும். காற்றில் பட்டிகள் கயிற்றிலேயே சுற்றிக்கொண்டால் இடைவெளி விழும், அடியில் புல் வளர்ந்தால் துணி மறையும். தினமும் ஒருமுறை சுற்றிவராவிட்டால் கட்டியும் பயனில்லை.

ஓநாயால் ஆபத்தே இல்லை என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லாதே. 1996 இல் உத்தரப் பிரதேசத்தில் பிள்ளைகள் பறிபோன துயரம் உண்மை. ஆனால் மனிதரைத் தாக்கியதாகப் பதிவான சம்பவங்களில் பெரும்பங்கு விசர்நோய் பிடித்த ஓநாய்களுடையது. வேட்டையிலும் அது பெரும்பாலும் தோற்கிறது. அமெரிக்காவின் ஐல் ரோயல் தீவில் மெக் பார்த்த காலத்தில், ஓநாய்கள் நெருங்கிச் சோதித்த 77 மூஸ் மான்களில் 6 தான் இரையாகின.

ஆகஸ்ட் என்பதால் இன்னொன்று. ஒன்ராறியோவிலேயே உள்ள அல்கொன்குவின் பூங்காவில் 1963 முதல் ஆகஸ்ட் மாதங்களில் மக்களைக் கூட்டிப்போய் ஊளை கேட்கவைக்கிறார்கள். பூங்காக்காரர் ஊளையிட, காட்டிலிருந்து பதில் வரும். அந்த மாதத்தில் குட்டிகளை ஓரிடத்தில் விட்டுவிட்டுப் பெரியவை வேட்டைக்குப் போய்வரும், அதனால் கூட்டம் எங்கே என்று தெரிந்துகொள்வது எளிது. முந்தைய இரவு அவை இருக்குமிடம் தெரிந்தால்தான் நடத்துவார்கள், ஆகவே போகும் முன் விசாரி.

இங்கே நமக்கு ஓநாயின் உறவுக்காரன் நரிதான். தம்பலகாமம் வயல்களில் எலியையும் நண்டையும் பிடித்துத் தின்கிற அதையும், நரிக்கொம்பு என்கிற மண்டையோட்டுப் புடைப்புக்காக, அதைக் கையில் வைத்திருந்தால் நினைத்தது நடக்கும் என்று நம்பிக் கொன்றிருக்கிறார்கள். எனக்கு இது மிகுந்த வேதனை.

ஊளை கேட்டால் எத்தனை குரல் என்று பெரியவனையும் சின்னவளையும் தனித்தனியே எண்ணச் சொல். ஒவ்வொன்றும் சுருதியை மாற்றிக்கொண்டே இருப்பதால் மூன்று நான்கு ஓநாய்கள் ஒரு பெரும் கூட்டம் போலக் கேட்கும். இருவரும் சொன்ன எண்ணிக்கையையும், பூங்காக்காரர் சொன்னதையும் எனக்கு எழுது.

அன்புடன்,
உன் நண்பன்