பழுதுபார்க்கும் முன் ஆய்வறிக்கை

ஆசிரியருக்கு,

ஒப்பந்ததாரர்களின் தரமற்ற வேலையால் வீட்டு உரிமையாளர்கள் படும் அவதி குறித்த தங்கள் செய்தியைப் படித்தேன். வழக்குத் தொடரலாம் என்று எழுதியிருந்தீர்கள்; அதற்கு முன் செய்யவேண்டியதே முக்கியம். குறையில் கைவைக்கும் முன்பே, இரு தரப்புக்கும் சம்பந்தமில்லாத பொறியாளரிடம் ஆய்வறிக்கை பெற்று, சரிசெய்ய அவகாசம் தந்து ஒப்பந்ததாரருக்கு எழுத்துமூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். என் அக்கா வீட்டுக் குளியலறையில் நீர்க்கசிவு. பொறுக்கமாட்டாமல் வேறு கொத்தனாரை வைத்து டைல்ஸைப் பெயர்த்துப் புதிதாகப் பூசிவிட்டார்கள். அடியில் நீர்த்தடுப்புப் பூச்சே இல்லை என்பதைக் காட்ட ஒரு புகைப்படம்கூட மிஞ்சவில்லை. வழக்கறிஞர் கையை விரித்துவிட்டார்.

வேலை முடிந்தபின் தெரியவரும் குறைகளுக்கான பொறுப்புக் காலத்தை ஒப்பந்தத்திலேயே குறிப்பிட்டு, அதுவரை கூலியில் ஒரு பகுதியை நிறுத்திவைப்பதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும்.