தெர்மல் ஸ்கோப் வாங்கப்போகும் சொக்குவுக்கு

கல்லல்
மார்கழி 20

அன்புள்ள சொக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அங்கே எல்லாரும் ஒரே வீட்டில் கூடிப் பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்ததாக எழுதியிருந்ததை வீட்டில் வாசித்துக் காட்டினேன். ரொம்பச் சந்தோஷப்பட்டார்கள். இங்கே இந்த வருஷம் மழைக்குக் குறைவில்லை. கண்மாய் நிரம்பி, நெல் பால் பிடித்து நிற்கிறது. பால் பிடித்தால் பன்றி வரும், வந்துவிட்டது. கீழவயலில் ஒரு மூலை முழுக்க ஏர் ஓட்டிப் போட்ட மாதிரி கிடக்கிறது. வயலைச் சுற்றிப் பழைய சேலையைக் கட்டிப் பார்க்கிறார்கள், தகர டின்னைத் தட்டுகிறார்கள், வெடி போடுகிறார்கள். எதற்கும் ரெண்டு நாள் பயப்படுகிறது, அப்புறம் பழகிவிடுகிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். டெக்சாஸில் உன் நிலத்தில் இறங்கும் பன்றிகளைச் சுட மூன்று தெர்மல் ஸ்கோப்பை, அதாவது துப்பாக்கியின் மேல் மாட்டி இருட்டில் சூட்டைப் படமாகக் காட்டும் கருவியை, பார்த்து வைத்திருக்கிறாய். ஏஜிஎம் ராட்லர் வி2-வில் 35-384, 35-640 என்று இரண்டு (முதல் எண் லென்ஸின் மி.மீ., அடுத்தது சென்சாரின் குறுக்கே எத்தனை பிக்சல், அதாவது படப்புள்ளி என்பது). பல்சர் தெர்மியான் 2 எக்ஸ்பி50 ப்ரோ ஒன்று. எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். நான் துப்பாக்கி பிடித்தவன் இல்லை. ஆனால் இந்தக் கருவிக்குள் இருப்பதெல்லாம் வெப்பக் கதிரும் லென்ஸும்தான். வருஷக்கணக்கில் பள்ளிக்கூடத்தில் நான் நடத்திய பாடம். அதனால் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

முதலில் ஒன்று. 640 என்றால் 384-ஐவிடப் பன்றி தெளிவாகத் தெரியும் என்று எழுதியிருக்கிறாய். அப்படி இல்லை. ராட்லர் இரண்டிலும் ஒரு பிக்சலின் அளவு 12 மைக்ரான் (ஒரு மைக்ரான் மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒன்று), லென்ஸ் 35 மி.மீ. 12-ஐ 35-ஆல் வகுத்துப் பார், 0.34 வரும். ஒரு மீட்டர் தூரத்துக்கு 0.34 மி.மீ. என்று அர்த்தம். அப்படியானால் 100 மீட்டர் தூரத்தில் ஒரு பிக்சல் சுமார் 3.4 செ.மீ. இடத்தைப் பிடிக்கும். இரண்டு ஸ்கோப்பிலும் இதே அளவுதான். தோள் உயரம் 70 செ.மீ. உள்ள பன்றி 100 மீட்டரில் இருபது பிக்சல் உயரம் நிற்கும், 384-இலும் அப்படியே, 640-இலும் அப்படியே. கூடுதல் பணத்துக்குக் கிடைப்பது அகலம். 384-இல் 100 மீட்டரில் ஏறக்குறைய 13 மீட்டர் அகலம் தெரியும், 640-இல் 22 மீட்டர். கூட்டம் சிதறி ஓடும்போது அந்த அகலம் பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் அடையாளம் தெரிவதில் துளி வித்தியாசம் கிடையாது.

பல்சரை எடுத்துக்கொள். அதிலும் குறுக்கே 640 பிக்சல். ஆனால் பிக்சல் 17 மைக்ரான், லென்ஸ் 50 மி.மீ. வகுத்தால் அதே 3.4 செ.மீ. வருகிறது! அகலமும் அதே 22 மீட்டர்தான். அப்படியானால் எதற்கு அந்த விலை என்றால், 17 மைக்ரான் பிக்சலின் பரப்பு 12 மைக்ரான் பிக்சலைப்போல இரண்டு மடங்கு. லென்ஸின் F எண் (குவியத் தூரத்தை லென்ஸின் விட்டத்தால் வகுத்தது) ஏறக்குறைய சமமாக இருக்கும்போது ஒவ்வொரு பிக்சலுக்கும் இரண்டு மடங்கு வெப்பக் கதிர் வந்து சேரும். வறண்ட, குளிர்ந்த ராத்திரியில் இது பெரிதாகத் தெரியாது. காற்றில் ஈரம் கூடி, மண்ணும் செடியும் மிருகமும் ஏறக்குறைய ஒரே சூட்டுக்கு வரும் ராத்திரியில் தெரியும். விவரத்தாளில் மில்லிகெல்வின் என்று ஓர் எண் போட்டிருப்பான். 25 என்றால் 0.025 டிகிரி வித்தியாசத்தைக்கூட அந்தச் சென்சார் பிரித்துக் காட்டும் என்று அர்த்தம். எண் குறையக் குறைய நல்லது. உன் பக்கம் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரக்காற்று வரும் மாதங்களில் இதைத்தான் நீ முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்து, பல்சரின் விவரத்தாளில் எவ்வளவு தூரம் தெரியும் என்று போட்டிருக்கும் அந்த 1800 மீட்டர். அவ்வளவு தூரத்தில் ஏதோ ஒரு சூடான புள்ளி இருக்கிறது என்பதற்கான எண் அது. அந்தப் புள்ளி பன்றியா, கன்றுக்குட்டியா, மனுஷனா என்று சொல்லாது. 1958-இல் ஜான் ஜான்சன் என்ற அமெரிக்க ராணுவ விஞ்ஞானி இதற்கு ஓர் அளவு சொன்னார். இன்றைய பிக்சல் கணக்கில் சொன்னால், ஏதோ இருக்கிறது என்று தெரிய உருவத்தின் மேல் 2 பிக்சல் போதும். என்ன வகை என்று தெரிய 8 வேண்டும். இன்னதுதான் என்று சொல்ல 13 வேண்டும். அதுவும் பாதிக்குப் பாதி வாய்ப்புக்குத்தான். உன் மூன்று ஸ்கோப்பிலும் 200 மீட்டரில் பன்றி பத்துப் பிக்சல்தான் உயரம். 13 வேண்டுமானால் 160 மீட்டருக்குள் வர வேண்டும். ஜூம் செய்தால் அதே பத்துப் பிக்சல் பெரிசாகும், பதினொன்றாவது வராது.

இதை நான் காகிதத்தில் மட்டும் சொல்லவில்லை. ஐப்பசிக் கடைசியில் வனத்துறை ஆட்கள் எங்கள் கண்மாய்க்கரைக்கு வந்திருந்தார்கள். அவர்களிடம் கையடக்கமான தெர்மல் கருவி ஒன்று இருந்தது, கேட்டதும் கொடுத்தார்கள். சூடு வெள்ளையாகத் தெரியும்படி வைத்திருந்தார்கள். கரையில் கிடந்த செம்புறாங்கல் பகல் சூட்டை இன்னும் விடாமல் வெளிறித் தெரிந்தது. ஊருணித் தண்ணீர் பக்கத்து மண்ணைவிட வெள்ளை. சீமைக்கருவேலம் புதருக்குள்ளிருந்து பன்றிகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. முகமும் காதும் பளீர் என்று இருந்தன. விலாவும் வயிறும் மங்கல். சேற்றில் புரண்ட ஈரம் சூட்டை மறைத்துவிடுகிறது. குட்டிகளில் சேறு இல்லை, முழுசாக வெள்ளை.

அப்புறம் கருவியை வயல் பக்கம் திருப்பினேன். காவலுக்குப் படுத்திருந்தவர் கனத்த போர்வையை இழுத்துப் போர்த்தியிருந்தார். முகம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அவர் திரும்பிப் படுத்ததும் அதுவும் போய், வரப்பில் மங்கலாக ஒரு மேடு மட்டும் இருந்தது. சேறு பூசிய பன்றிக்கும் அந்த மேட்டுக்கும் என்னால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை, சொக்கு. அதற்குப் பிறகுதான் உனக்கு இவ்வளவு நீளமாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஸ்கோப்பைக் கொண்டு தேடாதே. ஸ்கோப் துப்பாக்கியின் மேல் இருக்கிறது. நீ எதைப் பார்க்கிறாயோ அதை நோக்கித்தான் குழாயும் நிற்கும். தேடுவதற்குத் தனியாகக் கைக்கருவி வைத்துக்கொள். பன்றி என்று அதில் சந்தேகம் தீர்ந்த பிறகு துப்பாக்கியை எடு. பன்றிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் பகலிலேயே நடந்து பார்த்து வை. பின்னால் இருக்கும் வேலிக் கம்பியும் கல்லும் சுற்றியுள்ளதோடு ஒரே சூட்டில் இருந்தால் ராத்திரி படத்தில் வரவே வராது. வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்க்கவும் நினைக்காதே. சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரை விடாது, அதனால்தான் லென்ஸை ஜெர்மானியத்தில் செய்கிறார்கள்.

என் கைப்பணம் என்றால் ராட்லர் 384-ஐ வாங்கி, மிச்சத்தில் 19 மி.மீ. லென்ஸ் உள்ள கைக்கருவி ஒன்று வாங்குவேன். அதே 384 சென்சார் என்றால் 100 மீட்டரில் 24 மீட்டர் அகலம் காட்டும், தேட அது தாராளம். பல்சரை ஈர ராத்திரிக்காக வாங்குவதானால் வாங்கு, ஆனால் கைக்கருவிக்குப் பணம் இருந்தால் மட்டும். 640 ராட்லரை எனக்கு மனசு ஒப்பவில்லை. எதை வாங்கினாலும் வினாடிக்கு 50 படம் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள், 9 படம் என்றால் ஓடும் பன்றி விட்டுவிட்டுத் தெரியும். சென்சாரைச் சரிசெய்துகொள்ள உள்ளே இருக்கும் ஷட்டர் தானாக விழுந்து படம் ஒரு நொடி உறைவதை நிறுத்தி வைக்க வழி உண்டா என்றும் கடையில் கேள்.

உங்கள் டெக்சாஸில் தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதித்தால் 2019 முதல் காட்டுப்பன்றி வேட்டைக்கு உரிமம் வேண்டாம். இங்கே 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை பிடிக்கவும் சுடவும் கூடாது, 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம். அதைத் தாண்டினால் சுடலாம், வனத்துறையின் ஆட்கள் மட்டும். விவசாயி கையில் துப்பாக்கி வேண்டாம் என்பதில் எனக்கும் சம்மதம்தான். ஆனால் வருகிற ஆட்களிடம் கைக்கருவி போதுமான அளவு இருக்க வேண்டும். அது இல்லாமல் இந்த வயற்காட்டில் இருட்டில் சுடுவது ஆபத்து. இதையே மனுவாக எழுதி, தை பிறந்ததும் ஊர்க்காரர்களிடம் கையெழுத்து வாங்கிச் சிவகங்கைக்குக் கொண்டுபோகப் போகிறோம். எப்படியும் பன்றிக்காக யாரும் மின்வேலி போடக் கூடாது என்று கூட்டத்தில் பேசி வைத்திருக்கிறோம்.

உன் வளவு வீட்டில் இரண்டாங்கட்டு ஓடு இந்த மழையில் நாலைந்து இடத்தில் ஒழுகியது. தற்காலிகமாகத் தார்ப்பாய் போட்டிருக்கிறேன். பங்காளிகளிடம் பேசி, மாசிக்குள் சம்மதம் வாங்கிக் கொடு. ஓடு மாற்றும் ஆளை நானே நின்று பார்த்துக்கொள்கிறேன். ஆச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. உன் நிலத்தில் பன்றிகள் வழக்கமாக எத்தனை கஜத்தில் வந்து நிற்கின்றன என்று அடுத்த கடிதத்தில் எழுது, லென்ஸ் கணக்கை இன்னொரு தடவை போட்டு அனுப்புகிறேன்.

உன்
நாச்சியப்பன்