வராத பஸ்ஸை ‘வராது’ என்று சொல்லுங்கள்

எங்கள் நகரத்தின் பஸ் சேவையை நடத்தும் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

கடந்த செவ்வாய்க்கிழமை விடியற்காலை எத்தனை பஸ்கள் கராஜை விட்டு வெளியே வரவில்லை என்பது என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். அதை நான் விளக்கத் தேவையில்லை. தரிப்பிடத்துப் பக்கம் எப்படி இருந்தது என்பதுதான் உங்கள் கணினித் திரையில் தெரிந்திருக்காது. அதற்காகவே இந்த மடல்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். கடுங்குளிர் எச்சரிக்கை உள்ள நாளில் ஒரு பஸ் வராது என்றால், வராது என்று சொல்லிவிடுங்கள். அதுவும் நாங்கள் வீட்டுக் கதவைப் பூட்டுவதற்கு முன்னர்.

அன்று வெப்பமானி -23. காற்று மணிக்கு 40 கிலோமீற்றர். இரண்டையும் சேர்த்தால் உடம்பு உணர்வது -38. அந்தக் குளிரில் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறைந்துபோகலாம் என்று கனடிய சுற்றாடல் திணைக்களம் வருடா வருடம் சொல்லிக்கொண்டிருக்கிறது. நான் 5:20 பஸ்ஸுக்காக 5:14க்கே தரிப்பிடத்துக்குப் போய்விட்டேன். உங்கள் செயலி ‘6 நிமிடம்’ என்றது. 5:20க்குப் பார்த்தேன், 6 நிமிடம். 5:31க்கும் 6 நிமிடம். 5:38க்கு அந்த வரியே காணாமல் போய், அதன் இடத்தில் அடுத்த பஸ் ‘12 நிமிடம்’ என்று வந்து உட்கார்ந்தது. முதல் பஸ் அட்டவணையில் மட்டும் ஓடியிருக்கிறது. வீதிக்கு அது வரவேயில்லை.

இதில் ஒரு சின்ன விஷயத்தை நீங்கள் யோசித்திருப்பீர்களோ தெரியாது. செயலியைப் பார்க்க வேண்டுமானால் கையுறையைக் கழற்ற வேண்டும். தடித்த கையுறைக்குத் திரை அசையாது. ஒவ்வொரு ‘6 நிமிட’த்துக்கும் ஒரு தடவை விரல்களை வெளியே எடுத்து, திரையைத் தட்டி, அது சுற்றிச் சுற்றித் திறக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்று, பிறகு உள்ளே வைக்க வேண்டும். நாலாவது தடவை என் விரல் திரையில் பட்டதே எனக்குத் தெரியவில்லை. 34 வீதம் இருந்த பட்டரியும் அந்தக் குளிரில் திடீரென்று செத்துப்போனது.

என்னோடு ஓர் அக்கா நின்றார். முதியோர் இல்லமொன்றில் துப்புரவு வேலை. வாரத்தில் ஐந்து நாளும் பார்க்கிற முகம். அவருடைய போன் எனக்கு முன்னரே அணைந்துவிட்டது.

“தம்பி, உங்கட போன் என்ன சொல்லுது?”

“ஆறு நிமிசம் அக்கா.”

“அப்பவும் ஆறெண்டுதானே சொன்னனீங்கள்?”

பொய் சொன்னது நானில்லை. ஆனாலும் அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் கம்பளிக் கையுறையைக் கழற்றி விரல்களைக் காட்டினார். மோதிரவிரலும் சின்னவிரலும் நுனியில் மெழுகு நிறம். நோகுதோ என்று கேட்டேன். “முதல் நொந்தது தம்பி. இப்ப ஒண்டும் தெரியேல்லை” என்றார். நோவு நின்றுபோவதுதான் பயப்பட வேண்டிய இடம் என்பது இந்த நாட்டில் ஒரு குளிர்காலம் கழித்தவர்களுக்குத் தெரியும். தேய்க்க வேண்டாம், கக்கத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். வேறென்ன செய்ய? பக்கத்தில் இருந்த ஒரே கடை ஆறு மணிக்குத்தான் திறக்கும்.

அந்த நேரத்தில் இரண்டு பஸ்கள் எங்களைக் கடந்து போயின. உள்ளே வெளிச்சம், கண்ணாடியில் ஆவி, ஓர் ஆள் இல்லை. நெற்றியில் ‘சேவையில் இல்லை’ என்று எழுதியிருந்தது. அக்கா கையை நீட்டினார். சாரதி பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், நிறுத்த அவருக்கு அனுமதி இல்லை. ஆனால் அந்த விதியை எழுதியவர் சூடான அறையில் இருந்து எழுதியிருப்பார்.

47 நிமிடங்களுக்குப் பிறகு, 6:01க்குப் பஸ் வந்தது. அக்காவின் இரண்டு விரல்களிலும் கொப்பளம் போட்டுவிட்டது. ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை, அந்த வாரத்துக்குச் சம்பளமும் இல்லை. நான் உங்களுக்கு முறைப்பாடு எழுதினேன். ‘வானிலை காரணமாகத் தாமதம் ஏற்பட்டது, உங்கள் பொறுமைக்கு நன்றி’ என்று பதில் வந்தது. பொறுமையை நாங்கள் தரவில்லை. விரல்களைத்தான் தந்தோம்.

குளிரையும் காற்றையும் சேர்த்துச் சொல்லும் அந்த -38 போன்ற எண்ணுக்குக் குளிர்காற்று எண் என்று பெயர். அது எப்படி வந்தது என்று ஒருநாள் தேடிப் படித்தேன். 1940களின் தொடக்கத்தில் அன்ராட்டிக்காவில் சைப்பிள், பாசெல் என்ற இருவர், ஒரு சிறு பிளாஸ்டிக் குடுவையில் இருந்த தண்ணீர் காற்றில் எவ்வளவு வேகமாக உறைகிறது என்று அளந்தார்கள். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு வேறு ஆய்வாளர்கள் ரொறன்ரோவில் 12 தொண்டர்களைக் குளிரூட்டிய காற்றுச் சுரங்கத்தில், நடைப்பொறியில் நடக்கவிட்டு, முகத்தில் உணர்கருவி ஒட்டிப் பார்த்தார்கள். 2001இல் புதிய கணக்கு வந்தது. அதாவது இன்றைய எண், நடந்துகொண்டிருக்கும் மனிதனுக்கான எண். உங்கள் தரிப்பிடத்தில் நாங்கள் நடப்பதில்லை, நிற்கிறோம். எங்களுக்குப் பொருந்துவது அந்தத் தண்ணீர்க் குடுவைதான் போலிருக்கிறது.

2025 நவம்பரில் இருந்து சுற்றாடல் திணைக்களம் வானிலை எச்சரிக்கைகளுக்கு நிறமும் கொடுத்திருக்கிறது: மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. நல்ல விஷயம். ஆனால் எந்த நிறம் வந்தாலும் அடியில் ‘தேவையற்ற பயணத்தைத் தவிர்க்கவும்’ என்ற வரியை நீங்களும் சேர்த்து அனுப்புகிறீர்கள். விடிய ஐந்தேகாலுக்கு, -38இல், ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் யார்? முதியோர் இல்லத்தின் தரை தானாகத் துடைபடாது. வீட்டிலிருந்து வேலை செய்யக்கூடியவர்கள் அந்த நேரம் போர்வைக்குள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த அறிவுரை தேவையில்லை, எங்களுக்கு அது உதவாது.

உங்கள் பக்கக் கஷ்டமும் தெரியாமல் இல்லை. பிரேக்கின் காற்றுக் குழாய்களில் ஈரம் உறைந்தால் பஸ்ஸை வெளியே எடுக்க முடியாது. எடுக்கவும் கூடாது. -20ஐ நெருங்கினால் வீதிக்குப் போடும் உப்பும் ஏறக்குறைய மணல் மாதிரித்தான். குறுக்குக் காற்றில் தூள் பனி பறந்தால் சாரதிக்கு முன்னே இருக்கும் வாகனமே தெரியாது. பஸ்ஸை நிறுத்துங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன். நிறுத்தியதை மறைத்து, அட்டவணையைப் பஸ் என்று காட்டுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இல்லாத பஸ்ஸை இல்லை என்று சொல்ல எந்தக் குழாயும் உறையத் தேவையில்லையே.

இதோடு நிறுத்தலாம் என்றால் மனம் விடவில்லை. பனி வழிக்கும் வண்டி வீதிப் பனி முழுவதையும் கொண்டுவந்து தரிப்பிடத்தின் வாசலில்தான் குவித்துவிட்டுப் போகிறது. முழங்கால் உயரக் குவியலில் ஏறி, மறுபக்கம் கறுப்புப் பனிக்கட்டியில் வழுக்கி இறங்கித்தான் பஸ் ஏறுகிறோம். கைத்தடியோடு வருகிறவர்கள் வீதியிலேயே நிற்கிறார்கள். கண்ணாடிக்கூட்டின் அடியில் ஒரு சாண் இடைவெளி. காற்று அதற்குள்ளால் வந்து நேரே கணுக்காலைப் பிடிக்கும். கூட்டுக்குள் ஒரு விளம்பரம் ஒட்டியிருக்கிறீர்கள்: கடற்கரை, தென்னைமரம், சூரியன். அதற்கு மட்டும் இரவெல்லாம் மின்சாரம் இருக்கிறது.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். எச்சரிக்கை நாட்களில் ரத்தான பஸ்களின் விபரத்தை விடிய 4:30க்கு முன் செயலியிலும் குறுஞ்செய்தியிலும் போடுங்கள். ‘சேவையில் இல்லை’ என்று போகும் பஸ் தரிப்பிடத்தில் ஆளைக் கண்டால் கதவைத் திறக்கலாம் என்று சாரதிகளுக்குச் சொல்லுங்கள். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் முதலாவதைச் செய்யுங்கள். வராத பஸ்ஸை வராது என்று சொல்லுங்கள், தயவுசெய்து.

நாளை விடியவும் கடுங்குளிர் எச்சரிக்கை என்று இப்போது செய்தி வந்திருக்கிறது. அக்கா நாளைக்குத்தான் திரும்ப வேலைக்குப் போகிறார். 5:05க்கு வீட்டுக்குள் நின்று, கையுறை போட முன்னர், செயலியைத் திறந்து பார்ப்பேன்.

இப்படிக்கு,
5:20 பஸ்ஸுக்கு நிற்கும் பயணி