பிரிண்டரும் ‘கணக்கு’ ஃபோல்டரும் திறக்காதவர்கள் கவனத்துக்கு

அனைவருக்கும் வணக்கம். முன்மேசைக் கணினியில் உள்ள பிரிண்டரும் ‘கணக்கு’ ஃபோல்டரும் நேற்றிலிருந்து சிலருக்கு மட்டும் திறக்கவில்லை. தயவுசெய்து கேபிளைப் பிடுங்கிச் செருக வேண்டாம், கோளாறு அங்கே இல்லை.

திறக்காத கணினிகள் எல்லாம் விண்டோஸ் 11 புரோ, 24எச்2 பதிப்புக்கு மாறியவை. இந்தப் பதிப்பு பாஸ்வேர்டு இல்லாத ‘கெஸ்ட்’ நுழைவை ஏற்காது. இணையத்தில் அதைத் திரும்பத் திறந்துவிட வழி சொல்கிறார்கள். கணக்கு இருக்கும் ஃபோல்டருக்கு அது சரிப்படாது. அதனால் முன்மேசைக் கணினியில் எல்லோருக்கும் தனித்தனிப் பயனர் கணக்கு போட்டாயிற்று. பாஸ்வேர்டை என்னிடம் நேரில் வாங்கிக்கொள்ளுங்கள், குழுவில் கேட்க வேண்டாம். ஃபோல்டரைத் திறக்கும்போது பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் பெட்டி வந்ததும், பெயர் இடத்தில் முன்மேசைக் கணினியின் பெயர், ஒரு பின்சாய்கோடு (\), அப்புறம் உங்கள் பயனர் பெயர் என்று அடியுங்கள். தினமும் கணினியைத் திறக்கும் நாலு இலக்கப் பின் எண் இங்கே செல்லாது. ‘நினைவில் வை’ என்பதை டிக் செய்தால் மறுபடி கேட்காது.

அப்படியும் வரவில்லையா? வைஃபை அமைப்பில் ‘பப்ளிக்’ என்றிருந்தால் ‘பிரைவேட்’ ஆக்குங்கள். பிறகு ரன் பெட்டியில் (விண்டோஸ் கீ + R) முன்மேசைக் கணினியின் எண்ணை \\192.168.1.20 என்று அடியுங்கள். எண்ணில் திறந்து பெயரில் திறக்காவிட்டால் எனக்குச் சொல்லுங்கள். முன்மேசைக் கணினியை மதியம் யாரும் ஸ்லீப்பில் போடாதீர்கள்.